ஆர்தர் மன்னரும் களுத்துறைக் கிழவரும்

புகைப்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை உலகில் வேரூன்றுவதற்கு முன்பே, புகைப்படத்தில் ஒரு பொய் சொல்லப்பட்டுவிட்டது. 1839இல் தாகேரின் கண்டுபிடிப்பைப் பிரெஞ்சு அரசு உலகுக்கு அறிவித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், பாரிஸில் அரசுப் பணியிலிருந்த இப்போலித் பயார் என்பவர் தம்மையே பிணமாகப் படமெடுத்துக்கொண்டார். திறந்த மார்பு, இடுப்பில் துணி, மூடிய கண்கள், சாய்ந்த தலை, அருகில் ஒரு வைக்கோல் தொப்பி. படத்தின் பின்புறத்தில் அவரே ஒரு குறிப்பும் எழுதினார். தாகேருக்கு வாரி வழங்கிய அரசு பயாருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும், மனமுடைந்த அம்மனிதர் நீரில் மூழ்கி இறந்தார் என்றும், பிணவறையில் கிடக்கும் அவரைத் தேடி எவரும் வரவில்லை என்றும் அக்குறிப்பு கூறுகிறது. முகமும் கைகளும் கறுத்திருப்பது அழுகலின் அடையாளமாம். உண்மையில் அது வெயில் பட்ட நிறம். பயார் அதற்குப் பின்னும் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்தப் பொய்க்குள் ஒரு மெய் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தாகேரைச் சாராமல், தாளில் நேர்ப்படம் எடுக்கும் முறையைப் பயார் தாமே கண்டறிந்திருந்தார். தாகேரின் ஆதரவாளரான அரகோ அவரைப் பொறுத்திருக்கச் சொன்னதால் புகழ் தாகேருக்குப் போயிற்று. மனு எழுதிப் பெற முடியாத நீதியைப் பயார் நடித்துக் கேட்டார். கற்பனைக் காட்சியொன்றை உடம்பால் நிகழ்த்தி, அதைக் கதையாக்கிப் படமெடுக்கும் மரபின் முதல் ஆவணம் என்று இப்படத்தைக் கொள்ளலாம்.

நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற இரண்டும் கலந்து அமைவதே பாடலுக்குரிய புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியம் பயின்றோர் அறிந்தது. இலக்கியத்துக்கு இவ்விரண்டையும் ஒருசேர வழங்குவதில் நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. புகைப்படத்துக்கு மட்டும், அது தோன்றிய நாளிலிருந்தே, உலகியல் வழக்கு ஒன்றே உரியது என்று விதிக்கப்பட்டது. அவ்விதியை மீறியவர்கள் பட்ட பாடுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புனைவுப் படங்களுடைய வரலாறு. அதன் ஒரு கிளை கும்பகோணத்தைத் தொட்டு, இலங்கைக் கடற்கரையில் வந்து முடிகிறது.

1850களில் ஈரக் கொலோடியன் முறை பரவிற்று. கண்ணாடித் தகட்டின்மேல் பிசின் போன்ற திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறையில் துலக்கிவிட வேண்டும். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய வேலை. பத்துப் பதினைந்து பேரை ஒரே தகட்டில், எல்லோரும் தெளிவாகத் தெரியும்படி, அசையாமல் நிறுத்திப் பிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். ஆகவே தனித்தனி நெகட்டிவ்களில் எடுத்து ஒரே தாளில் இணைத்து அச்சிடும் முறை தோன்றியது.

அம்முறையின் பெருஞ்சாதனை ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இல் உருவாக்கிய ‘வாழ்வின் இரு வழிகள்’. இவர் சுவீடனில் பிறந்து இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டன் நகரில் குடியேறியவர். முதியவர் ஒருவர் இரண்டு இளைஞர்களை வாழ்க்கையின் வாயிலுக்கு அழைத்து வருகிறார். ஒருவன் உழைப்பும் அறமும் உள்ள பக்கம் திரும்புகிறான். மற்றவன் சூதும் காமமும் உள்ள பக்கம் போகிறான். முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஆறு வார காலம் உழைத்து ஒன்றிணைத்த படம் இது. ரஃபேலின் ஏதென்ஸ் கலைக்கூட ஓவியத்தை ஒட்டியது இதன் அமைப்பு. கருத்தைப் பொறுத்தவரை ஒரு நீதிநூலின் முகப்புப் படம் போன்றதுதான். இன்று பார்க்கையில் சற்று அலுப்பூட்டுவதும் உண்மை. மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டபோது விக்டோரியா அரசியார் தம் கணவருக்காக ஒரு பிரதி வாங்கினார். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கோ அது ஒப்பவில்லை. எடின்பரோவில் முதலில் மறுத்தார்கள். பின்னர் தீயொழுக்கப் பகுதியைத் திரையிட்டு மறைத்து, நல்லொழுக்கப் பகுதியை மட்டும் காட்டினார்கள். நன்மைக்கு எதிரில் எது நிற்கிறது என்று தெரியாமலே நன்மையைப் பார்த்துச் சென்ற அந்த நகரத்தார் நம் பரிவுக்குரியவர்கள்.

1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து ‘மங்கிப் போதல்’ என்ற படத்தை வெளியிட்டார். சாகக் கிடக்கும் இளம்பெண், அருகில் இரண்டு பெண்கள், சன்னலோரம் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆண். அவ்வளவுதான். கண்டவர்கள் கொதித்தார்கள். இத்தகைய துயரத்தைப் படமெடுப்பதா, மரணப் படுக்கையைக் காட்சிப் பொருளாக்குவதா என்றார்கள். அந்தப் பெண் சுமார் பதினான்கு வயதுடைய, நல்ல உடல்நலத்தோடு இருந்த பெண் என்பது தெரிந்த பிறகும் கோபம் தணியவில்லை. மாறாக, ஏமாற்றப்பட்டோம் என்ற புதிய கோபம் சேர்ந்துகொண்டது.

இதில் நாம் சற்று நிற்க வேண்டும். இதைவிடக் கொடிய மரணங்களை அக்காலத்து ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்கள்; மக்கள் அவற்றை விலைகொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். மேடையில் கதாநாயகி மாலைதோறும் இறந்தாள். அவற்றை எவரும் பொய் என்று சொல்லவில்லை. ராபின்சனின் படம் மட்டும் ஏன் சுட்டது? ஓவியத்தில் சாகும் பெண் ஓவியத்துக்கு வெளியே எங்கும் இல்லை. புகைப்படத்தில் சாகும் பெண் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நாற்காலியில், உண்மையாகவே சாய்ந்து கிடந்தாள். கதை பொய், அவள் கிடந்தது மெய். புனைவுப் படம் என்னும் கலையின் சங்கடமும் வலிமையும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. கதாபாத்திரத்தின் உள்ளிருந்து ஓர் ஆள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் யார் என்ற கேள்வியை ஓவியம் எழுப்பாமலிருக்கலாம். புகைப்படத்தால் எழுப்பாமலிருக்க முடியாது.

இக்கேள்வியை யாரினும் கூர்மையாக எழுப்புவன ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்கள். கேமரா என்ற சொல்லோடு இப்படி ஒட்டி ஒலிக்கும் பெயர் அவருக்கு அமைந்தது தற்செயல். கணவர் வழி வந்த பெயர் அது.

அவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838இல், தம்மைவிட இருபது வயது மூத்த சார்ல்ஸ் ஹே கேமரனை மணந்தார். சார்ல்ஸ் சட்ட அறிஞர். மெக்காலேயுடன் இந்தியச் சட்ட ஆணையத்தில் பணியாற்றியவர். அதற்கு முன் இலங்கையின் ஆட்சி அமைப்பை ஆராய்ந்த கோல்புரூக்–கேமரன் ஆணையத்தில் ஒருவர். அரசனுக்காகக் கட்டாய ஊழியம் செய்யும் இராஜகாரிய முறை அங்கு ஒழிந்தது அந்த ஆணையத்தின் விளைவாகவே. பின்னர் அதே தீவில் காப்பித் தோட்டங்களை வாங்கியவரும் அவரே. 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்து, 1860இல் வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டர் என்னும் ஊரில், கவிஞர் டென்னிசனுக்கு அண்டை வீட்டில் குடியேறிற்று. தம் இலங்கைத் தோட்டத்தின் பெயரையே வீட்டுக்கும் சூட்டினார்கள்: டிம்போலா.

1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு ஸ்டுடியோவாயிற்று. கோழிகள் என்னவாயின என்பதை அவருடைய விருந்தினர்கள் உணவு மேசையில் ஊகித்திருக்கலாம். ஓராண்டுக்குள் லண்டனின் புகைப்படச் சங்கத்தார் அவர் படங்களைக் குறைகூறத் தொடங்கினார்கள். குவியம் சரியில்லை, தகட்டில் கறை, விரல்தடம், கீறல் என்பன அவர்கள் கண்ட குற்றங்கள். கேமரன் பொருட்படுத்தவில்லை. முகத்தின் மென்மை தமக்கு எந்த நிலையில் அழகாகத் தோன்றுகிறதோ அங்கே வில்லையை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். அவர் முன் அமர்ந்தவர்கள் மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

யார் அமர்ந்தார்கள்? டென்னிசன், ஹெர்ஷல், டார்வின், கார்லைல் ஆகிய பெரியோர்கள் தாங்களாகவே, தம் பெயருடன் அமர்ந்தார்கள். கதைப்படங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளானார். ஒருமுறை அல்ல, பலமுறை. ஊரார் அவரை மேரி மடோனா என்றே அழைக்கத் தொடங்கினர். கேமரன் வீட்டுக்கு வந்த விருந்தினரை வாசலில் வரவேற்றதும் தேவமாதாதான், தேநீர் கொணர்ந்ததும் தேவமாதாதான்.

மேரி ரயன் என்ற மற்றொரு பெண்ணின் கதை இன்னும் வியப்பானது. லண்டனின் புறநகர்ப் பகுதியில் தாயுடன் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துச் சிறுமியைக் கேமரன் வீட்டில் சேர்த்து, படிக்க வைத்து, பணிப்பெண்ணாக்கினார். 1865இல் ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகக் காட்சியொன்றில் அவர் மிராண்டாவாகத் தோன்றினார். இளைஞர் ஒருவர் அப்படங்களில் கண்ட மேரியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். 1867இல் திருமணம். அவ்விளைஞரின் பெயர் ஹென்றி காட்டன். பிறந்த ஊர் நம் கும்பகோணம். இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, ஓய்வுக்குப் பின் 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. நாடகக் காட்சியில் அரசிளங்குமரியாக நின்ற பெண் வாழ்க்கையில் சீமாட்டியானார். இதைக் கேமரனின் வள்ளன்மை என்று புகழ்வோரும் உண்டு. படத்தின் வெற்றி என்போரும் உண்டு. நமக்கோ, அந்தப் பெண் ஏழு நிமிடம் அசையாமல் நின்ற பொறுமையும் கணக்கில் சேர வேண்டும் என்று படுகிறது.

இத்தகைய கற்பனைக் காட்சிகளின் அடியிலும் கேமரன் தம் கையெழுத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதினார். ‘உயிருருவிலிருந்து எடுத்தது’ என்பது அவற்றின் பொருள். மரியாளும் மிராண்டாவும் உயிருருவிலிருந்து எடுக்கப்பட்டவர்களா? ஆம், எடுக்கப்பட்டவர்களே. ராபின்சன் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைக் கேமரன் ஒளிக்கவில்லை. படத்தின் அடியில் எழுதியே கொடுத்தார்.

1874இல் டென்னிசன், ஆர்தர் மன்னரைப் பற்றிய தம் காவியத்தின் புதிய மலிவுப் பதிப்புக்குப் படங்கள் எடுத்துத் தரும்படி கேட்டார். கேமரன் அதில் முழுமூச்சாக இறங்கினார். சுமார் 245 முறை படமெடுத்து, இருபத்தைந்து படங்களைத் தேர்ந்தார் என்பர். டென்னிசனின் பதிப்பிலோ அவை சிறிய மரச்செதுக்குகளாகச் சுருங்கிப் போயின. மனம் வருந்திய கேமரன், அசல் புகைப்படங்களைப் பெரிய அளவில் ஒட்டி இரண்டு தொகுதிகளாகத் தாமே வெளியிட்டார். முதல் தொகுதி 1874 இறுதியிலும் அடுத்தது 1875 மே மாதத்திலும் வந்தன.

நடிகர்களைத் தேடிய கதைகள் பல வழங்குகின்றன. லான்சலட் வீரனுக்கேற்ற அழகிய முகத்தைக் கத்தோலிக்க ஆயர் ஒருவரிடம் கண்டுபிடித்துக் கேமரன் மகிழ்ந்தாராம். தீய வேட்கையால் தேய்ந்த முகமல்லவா எனக்கு வேண்டும் என்று டென்னிசன் ஆயரின் காது கேட்கச் சொன்னாராம். எண்பதை நெருங்கிய சார்ல்ஸ் கேமரன் மந்திரவாதி மெர்லின் ஆனார். நீண்ட வெண்தாடி அவருக்கு இயல்பாகவே இருந்தது. குறும்புக்காரரான அக்கிழவருக்குப் படமெடுக்கையில் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் குலுங்கியதில் பின்னாலிருந்த ஓக் மரமும் சேர்ந்து குலுங்கிற்று. விவியனாக நின்ற பெண் இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆர்தர் மன்னராக நின்றவர் வில்லியம் வார்டர். யார்மத் படகுத்துறையில் சுமைகூலியாக வேலை பார்த்தவர்.

ஆர்தர் படகில் ஏறி மறையும் காட்சி இத்தொகுதியின் புகழ்பெற்ற படம்; கேலிக்குள்ளான படமும் அதுவே. ஓர் அறைக்குள் எடுத்தது. தண்ணீருக்குப் பதில் மெல்லிய மஸ்லின் துணி. நிலவு நெகட்டிவில் கையால் கீறப்பட்டது. படகு அதில் ஏறியிருப்போரைத் தாங்காது என்று பார்த்தவுடன் தெரியும். கேமரனைப் பற்றி 1948இல் நூலெழுதிய ஹெல்முட் கெர்ன்ஷைம், அவருடைய உருவப்படங்களை உச்சியில் வைத்துவிட்டு, இக்கதைப்படங்களைச் செயற்கையான தோல்விகள் என்று தள்ளிவிட்டார். நீண்ட காலம் அதுவே முடிந்த முடிபாக இருந்தது.

நாம் அவ்வாறு கருதவில்லை. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு மஸ்லின் தண்ணீர் ஒரு குறையாகப் படாது. துரியோதனன் முடி தரித்து வருபவர் பகலில் ஏர் ஓட்டுபவர் என்பது கூத்துக் களத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிவதால் அவர் துரியோதனனாக இல்லாமல் போவதில்லை. இருவரையும் ஒருசேரப் பார்க்கிற இன்பமே அக்கலையின் இன்பம். கேமரனின் ஆர்தரிடத்தும் இதுவே நிகழ்கிறது. மூட்டை சுமந்த தோளின்மேல் மன்னனின் கவசம் கிடக்கிறது. முகத்தில் தெரியும் களைப்பு காவியத்தினுடையதா, படகுத்துறையினுடையதா என்று பிரிக்க முடிவதில்லை. ஓவியர்கள் தீட்டிய ஆர்தர்கள் பலர் உண்டு. அவர்களில் எவருக்கும் இந்தக் களைப்பு வாய்க்கவில்லை.

ஆனால் கதை எல்லோருக்கும் ஒரே விதமாக வழங்கப்பட்டதா?

1868 ஜூலையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கேமரனின் முன் அமர்த்தப்பட்டான். எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் டெவோட்ரோசின் மகன் அலமாயு. அவ்வாண்டு ஏப்ரலில் ஆங்கிலேயப் படை மக்தாலாக் கோட்டையைப் பிடித்தபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். அடுத்த சில வாரங்களில் தாயும் நோயுற்று இறந்தார். கேப்டன் ஸ்பீடி என்னும் அதிகாரியின் பொறுப்பில் பிள்ளை இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டான். அவனுக்குக் கேமரன் எந்தக் கதாபாத்திரத்தையும் தரவில்லை. அவன் பட்ட கதையே போதுமானதாக இருந்தது போலும். ஸ்பீடி எத்தியோப்பிய உடையணிந்து நின்றார். மற்றொரு படத்தில், கீழே கிடக்கும் எத்தியோப்பியப் பணியாளர்மேல் ஸ்பீடி ஈட்டியை ஓங்குகிறார். குத்துவதா விடுவதா என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. வேடம் வெள்ளையருக்கு, வேடம் போட வேண்டாதவர் தரையில். அலமாயு தாயகம் திரும்பாமலே 1879இல், பதினெட்டு வயதில் இறந்தான்.

1875 அக்டோபரில் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். கணவருக்குத் தம் தோட்டங்களின் அருகே கடைசிக் காலத்தைக் கழிக்க ஆசை. இங்கிலாந்தில் செலவைத் தாங்க முடியாத நிலையும் இருந்தது. போகிற இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுசென்றார்கள் என்றும், அவற்றினுள் பீங்கான் கண்ணாடிச் சாமான்களை அடைத்திருந்தார்கள் என்றும் வர்ஜீனியா உல்ஃப் எழுதியிருக்கிறார். உல்ஃபின் தாய் கேமரனின் தங்கை மகள். ஆகவே இக்கதையில் குடும்பத்தார்க்கே உரிய மிகை சற்று இருக்கக்கூடும்.

காப்பியின் பொற்காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. 1869இல் கண்ட இலைநோய் தோட்டம் தோட்டமாகப் பரவிவந்தது. அத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற நம் மக்கள். இராமேசுவரம் பக்கமிருந்து மன்னாருக்குக் கடல் கடந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்து, வழியில் பலரைக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பறிகொடுத்துக் கண்டிச் சீமைக்குப் போனவர்கள். டிம்போலா என்ற பெயர் டென்னிசன் வீட்டுக்குப் பக்கத்தில் பளபளத்ததன் பின்னால் அவர்களின் உழைப்பு இருந்தது.

கேமரன் பெரும்பாலும் களுத்துறையில், அரசுப் பணியிலிருந்த மகனுடன், கடலோர வீட்டில் தங்கினார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பன முப்பதுக்கும் குறைவு. அவர் படமெடுத்த முறையை நமக்குச் சொல்பவர் தாவர ஓவியர் மரியான் நார்த். 1877இல் விருந்தினராக அங்கே சென்ற அவரைக் கேமரன் விடவில்லை. காஷ்மீரக் கம்பளி போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, முள்போல் குத்தும் தென்னையோலைகள் தலையில் இடிக்க, உச்சிவெயிலில் நிற்க வைத்து, இயல்பாக இரு என்றாராம். இங்கிலாந்திலிருந்து வந்த பெண்ணுக்கு அந்தக் கோழிக்கூட்டுக் காலத்து நாடகம் இங்கேயும் கிடைத்தது.

நார்த் இன்னொன்றும் சொல்கிறார். உள்ளூர் ஆண் ஒருவரின் முதுகு மிக அழகாயிருப்பதாகக் கண்ட கேமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டில் தோட்டம் இல்லை; அந்த ஆளுக்குத் தோட்டக்காரர் என்றால் என்னவென்றே தெரியாது. நார்த் இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். நாமும் சிரிக்கலாம். ஆனால் யார்மத்தின் சுமைகூலியிடம் கேமரன் ஒரு மன்னனின் முகத்தைக் கண்டார். களுத்துறை மனிதரிடம் ஒரு முதுகைக் கண்டார்.

1878இல் எடுத்த ஒரு படம் உள்ளது. ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற பொருளில் தலைப்பு. பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்றும், கிழவர் தாம் அவளுடைய தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் சொல்லிக்கொள்கிறார் என்றும் குறிப்பு கூறுகிறது. சிங்களவரா தமிழரா என்பதைக்கூட அது சொல்வதில்லை, பெயர் சொல்வதுமில்லை. நூறு வயதும் பன்னிரண்டு வயது மகளும்! ஃப்ரெஷ்வாட்டரில் இப்படியொரு கிழவர் அகப்பட்டிருந்தால் அவர் லியர் மன்னராகியிருப்பார். பெண் கார்டீலியா ஆகியிருப்பாள். இங்கே கிழவர் கூறியது கதையாகவும் ஏற்கப்படவில்லை, உண்மையாகவும் ஏற்கப்படவில்லை. ‘சொல்லிக்கொள்கிறார்’ என்ற ஐயத்தோடு அட்டையில் ஏறியிருக்கிறது.

அகப்பாடல்களில் தலைமக்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது நம் மரபு. பெயரின்மை அங்கே ஒரு கொடை. எவளும் தலைவியாகலாம் என்பதற்கான இடம். களுத்துறைப் படத்தின் பெயரின்மை அதுவன்று. பெயரும் இல்லை, பாத்திரமும் இல்லை. தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணையில் நிறுத்தியதையும் இவ்விடத்தில் நாம் மறக்கலாகாது. கதைக்குரியவர் யார் என்று வரம்பு கட்டும் வழக்கம் ஆங்கிலச் சீமாட்டி ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

மறுபக்கமும் உண்டு. வேடம் புனையாததால்தான் இம்மக்கள் தாமாகவே தெரிகிறார்கள், இவையே கேமரனின் நேர்மையான படங்கள் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். இலங்கையில் இரசாயனங்களும் தகடுகளும் எளிதில் கிடைக்கவில்லை. மொழியும் இடையில் நின்றது. இவற்றை ஏற்கலாம். ஆயினும் பெயரில்லாமல் ஒருவர் எவ்வாறு தாமாகவே தெரிவார்? மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக்கிய படத்திலிருந்து அவருடைய ஊரையும் வாழ்வையும் நாம் தேடிப்போக முடிகிறது. களுத்துறைக் கிழவரைத் தேடிப்போக வழியே இல்லை.

கேமரன் 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் தோட்ட வீடொன்றில் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். காப்பி அழிந்து தேயிலை வந்த பின்னும் அம்மலைகளில் கொழுந்து பறித்துவருபவர்கள் அதே மக்களின் வழிவந்தோர்.

இந்தியாவில் இந்த மரபை மறுமுனையிலிருந்து பற்றியவர் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா. 2000 முதல் 2004 வரை, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் படங்களாகப் புழங்கிவந்தவற்றை மறுபடியும் மேடையேற்றினார். இரவிவர்மாவின் இலட்சுமியும் உண்டு. மானிடவியலாளர்கள் உடலளவு எடுப்பதற்காகக் கட்டமிட்ட திரையின் முன் நிறுத்திய தோடர் பெண்ணும் உண்டு. எல்லாப் படங்களிலும் வேடம் தரித்து நிற்பவர் புஷ்பமாலாவே. தெய்வத்துக்கும் அளக்கப்பட்டவளுக்கும் ஒரே முகம். தோடர் பெண்ணின் அசல் படத்தில் அவள் பெயர் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இப்படத்தில் அவளுக்காக நிற்பவரின் பெயர் நமக்குத் தெரியும்.